சொரிமுத்து அடுப்புக்கு வாசர் போட்ட கதை

கடையநல்லூரில் மைக்செட் வாடகைக்கு விடும் சொரிமுத்து எதையாவது சொன்னால், கேட்கிறவர்கள் பாதியை அங்கேயே உதறிவிட்டு, மீதியில் பாதியைப் போகிற வழியில் உதறுவார்கள். அப்படியும் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாதபடி கொஞ்சம் மிஞ்சிவிடும். அவன் அண்ணன் பெண்டாட்டி முப்பிடாதிக்கு இந்த உதறல் வேலை கல்யாணமாகி வந்த முதல் வாரமே பழகிவிட்டது. தென்னமரத்து உச்சியில் தான் கட்டிய குழாய் ரேடியோவின் கெட்டிமேளம் செங்கோட்டை வரைக்கும் கேட்டு, அங்கே ஒரு கல்யாண வீட்டில் அந்தச் சத்தத்துக்கே தாலி கட்டிவிட்டார்கள் என்று அவன் புது மதினியிடம் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டே, "பந்திக்குக் கூப்பிட்டாவளா?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து அவன் எங்கே நின்று புளுகினாலும் முதலில் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வான்.

அப்படிப்பட்டவன் கையில் முப்பிடாதி தன் மண்ணெண்ணெய்ப் பம்ப் அடுப்பைப் பழுது பார்க்கக் கொடுத்தாள். வேறு யாரிடம் கொடுக்க? அவள் புருஷன் ஆறுமுகநயினாருக்கு ஒரு பல்பு மாட்டக்கூடத் தெரியாது. பேசவும் தெரியாது. இரண்டு பேருக்குமான பேச்சையும் தம்பியிடமே விட்டுவிட்டு அவர் பாட்டுக்கு இருந்தார்.

அடுப்பு சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. பங்குனி உத்திரத்தன்று அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் தங்கள் தங்கள் சாஸ்தாவைத் தேடிப் போகும். இவர்களுடைய சாஸ்தா நெரிஞ்சிப்பாறை மலைமேல், காட்டுக்குள், ஒரு சுனைக்குப் பக்கத்தில் இருந்தார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மேலே ஆளை விடுவார்கள். விறகு பொறுக்கித் தீ மூட்டக் கூடாது என்பதால் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பம்ப் அடுப்பைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போகும். முப்பிடாதிக்கோ பல வருஷம் பிள்ளையில்லை. பார்க்காத வைத்தியம் இல்லை, கேட்காத பேச்சும் இல்லை. ஒரு பிள்ளையைக் கொடு, என் கையாலே உனக்குப் பொங்கல் பொங்கி, அதற்குப் பிறகுதான் பிள்ளைக்குப் பேரே வைப்பேன் என்று நேர்ந்துகொண்டாள். சாஸ்தா கொடுத்துவிட்டார். ஆவணியில் பிறந்த பையனை ஊரே அவரவர் வாய்க்கு வந்தபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒருத்திக்கு அவன் ராசா, இன்னொருத்திக்குக் குட்டி, சொரிமுத்துவுக்கு மேனேஜர். அதைக் கேட்கும்போதெல்லாம் முப்பிடாதிக்குக் கடன்பட்ட பிள்ளையை மடியில் வைத்திருப்பதுபோல் இருக்கும்.

அந்த நேர்ச்சைக்கு இரண்டு கண்டிஷன் உண்டு. உச்சிபூஜைக்குத் திரை போடுவதற்குள் பொங்கி இறக்கிவிட வேண்டும். பொங்குகிற அடுப்பும் சொந்த அடுப்பாக இருக்க வேண்டும். இரவல் அடுப்பில் பொங்கினால் நேர்ச்சை அடுப்புக்காரரின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அந்தக் கோயில் வழக்கம். முப்பிடாதியிடம் இருந்தது அவள் சீராகக் கொண்டுவந்த பித்தளை அடுப்பு. ஆள் பார்க்க மகாலட்சுமி மாதிரி இருந்தாலும் பம்ப் செத்துப்போயிருந்தது. பம்புக் கம்பியின் நுனியில் சின்னக் கிண்ணம் போல ஒரு தோல் வாசர் இருக்கும். அது தேய்ந்துவிட்டால் கம்பி சும்மா போய்ச் சும்மா வருமே தவிரக் காற்று உள்ளே இறங்காது. கடைவீதியில் கொடுத்து மாற்றி வாங்கி வாருங்கள் என்றுதான் அவள் சொன்னாள். சொரிமுத்து சிரித்துவிட்டு, கடைக்காரனுக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்லித் தானே புது வாசர் போட்டான்.

போட்டதைக் குறை சொல்ல முடியாது. அடுப்பு நன்றாகவே எரிந்தது. ஆனால் போட்டதோடு விட்டுவிட்டால் அவன் சொரிமுத்து இல்லையே. மலைக்குப் போகிற வேனில் வழி நெடுக அந்த வாசரின் பெருமைதான். அசல் எருமைத்தோல், அதுவும் சாதாரண எருமை இல்லை, உயிரோடு இருந்தபோது ஒரு லாரியை முட்டிப் பின்னால் தள்ளின எருமை என்றான். வேனில் இருந்த மாசானம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் ஆறுமுகநயினாருடைய அக்காள் புருஷன், சொரிமுத்துவுக்கு அத்தான். மச்சினனை மட்டம்தட்டக் கிடைக்கும் சந்தர்ப்பத்தை வீணாக்கும் ஆள் இல்லை.

மலையடிவாரத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. சாஸ்தா மலைக்குத் தோல் ஆகாது என்று செருப்பு, பெல்ட், பர்ஸ் எல்லாவற்றையும் அங்கே கழற்றி வைத்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். ஒரு வயது நிரம்பாத பிள்ளையையும் மேலே கொண்டுபோக மாட்டார்கள். மலையேற முடியாத சில சொந்தக்காரர்களோடு ஆறுமுகநயினாரும் பிள்ளையை வைத்துக்கொண்டு பாறையடியில் தங்குவதாக ஏற்பாடு. எல்லாரும் கழற்றி வைத்து முடித்த பிறகு மாசானம் நிதானமாகக் கேட்டார்.

"ஏம் மாப்ள, லாரியத் தள்ளின எருமைய மட்டும் மேல கூட்டிட்டுப் போறீரோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சொரிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. அடுப்புக்குள் இருக்கிற தோல் கணக்கில் வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அவனுக்கு அடங்கிப் பேசத் தெரியாதே. சாக்கை அவிழ்த்து, பம்ப் மூடியைத் திருகிக் கம்பியை உருவி, எருமைத்தோல் வாசரைக் கழற்றி, செருப்புகளுக்குப் பக்கத்தில் பாறைமேல் வைத்தான். "வாசர் போட்டு அடுப்பு எரிக்கதுக்கு நான் எதுக்கு? வாசர் இல்லாம எரிச்சுக் காட்டுதேன்" என்றான். முப்பிடாதி பிள்ளைக்குப் பால் கொடுக்க மரத்தடிக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது சாக்கைக் கட்டியாகிவிட்டது. பாதி மலை ஏறின பிறகு மாசானம்தான் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு ஏறினால் உச்சிபூஜை முடிந்திருக்கும்.

மேலே சுனையைச் சுற்றி இடமே இல்லாமல் அடுப்புகள். எல்லாம் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தன. முப்பிடாதி ஒரு பாறை மறைவில் இடம் பிடித்து, கோலம் போட்டு, பானைக்கு மஞ்சள் கட்டி, அரிசி களைந்து தயாராக வைத்தாள். சொரிமுத்து அடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கம்பியை இழுத்து அடித்தான். குளத்துத் தண்ணீரில் கையை விட்டு எடுத்த மாதிரி அது பாட்டுக்குப் போய் வந்தது.

"அடுப்பு கூச்சப்படுது" என்றான். "புது எடம்லா."

பிறகு வாழையிலையில் ஒரு துண்டைக் கிழித்து, மடித்து, கம்பி நுனியில் கட்டினான். கட்டும்போதே கதையும் ஆரம்பமாகிவிட்டது. சிவகிரியில் ஒரு கோயில் கொடை விழாவுக்கு மைக் கட்டப் போனபோது இதே மாதிரி வாசர் பிய்ந்துபோயிற்றாம். இவன் ஒரு பனங்காயின் தோலைச் சீவிப் போட்டானாம். மூன்றே அடி. தீ எழும்பிய வேகத்தில் மேலே இருந்த மாமரத்தில் தொங்கிய வடுவெல்லாம் பழுத்துவிட்டதாம்.

"தோட்டக்காரன் கம்பெடுத்துட்டு ஓடி வந்தான். வந்தவன் ஒரு பழத்தத் தின்னு பாத்தான். கம்பக் கீழ போட்டுட்டான். அண்ணாச்சி, அடுத்த தோப்பும் எனக்குத்தான், ஒரு எட்டு வந்துட்டுப் போங்கன்னு கையப் பிடிச்சுக்கிட்டு அழுதான்."

பக்கத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த குடும்பத்து ஆம்பிளைகள் இரண்டு பேர் கழுத்தை நீட்டினார்கள். ஆள் சேர்ந்ததும் சொரிமுத்துவின் குரல் ஒரு படி ஏறியது. மாசானம், மரம் எரியவில்லையா என்று கேட்டார். எரியாது, மரத்துக்குத் தெரியும் இது சமையல் தீயென்று, என்றான் சொரிமுத்து. வாழையிலை பம்புக்குள் போய்த் திரும்பி வரவில்லை. குச்சியை விட்டு நோண்டி நோண்டி அதை எடுத்தான்.

அந்த நேரம் சுனைக்கு அந்தப் பக்கம் ஒரு குலவைச் சத்தம் எழும்பியது. பானை பொங்கி வழிந்தால் பெண்கள் குலவை போடுவார்கள். முப்பிடாதி எட்டிப் பார்த்தாள். யாரோ ஒரு சின்னப் பெண், தலை நிறையக் கனகாம்பரம், பொங்குகிற பானைக்கு முன்னால் கைகூப்பி நின்றாள். முப்பிடாதிக்குப் பொறாமையாக இருந்தது. சாமி சன்னதியில் பொறாமைப்படுகிறோமே என்று பயமாகவும் இருந்தது.

"ஆகட்டும் கொழுந்தனாரே" என்றாள்.

சொரிமுத்து இப்போது பால் பாக்கெட் உறையை நாலாக மடித்துக்கொண்டிருந்தான். அதைக் கம்பியில் சுற்றி நூலால் இறுக்கியபடி அடுத்ததை எடுத்துவிட்டான். குற்றாலத்தில் சீசன். இவனும் கூட்டாளிகளும் அருவிக்கு மேலே சமைக்கப் போயிருக்கிறார்கள். வாசர் போச்சு. மழையில் எங்கே போய்ச் செருப்புத் தைக்கிறவரைத் தேட? இவன் ஒரு அப்பளத்தை எடுத்து, ஈரத்தில் நமத்துப்போக வைத்து, பம்பில் மாட்டி அடித்தானாம். அப்பளம் உள்ளே போய்ப் பொரிந்துவிட்டது. பொரிந்த அப்பளம் ஒன்றுக்கு நாலு மடங்கு ஆகும் இல்லையா, காற்று நாலு மடங்கு ஏறிவிட்டது. அடுப்பு, மேலே இருந்த சோற்றுப்பானையோடு, தரையை விட்டுக் கிளம்பியதாம்.

"கெளம்பி?" என்றார் பக்கத்துக் குடும்பத்துக்காரர்.

"கெளம்பித் தென்ன மர உயரத்துக்குப் போய் நின்னுட்டு. அங்கன ஒருத்தன் தேங்கா பறிச்சிட்டு இருந்தான். பசி நேரம் பாத்துக்கிடுங்க. பானை மூடியத் திறந்து பாத்தான், சோறு பதமா இருக்கு. மட்டையில போட்டுத் தின்னுட்டு, மிச்சத்த எங்களுக்கு அனுப்பி வச்சான். காத்து எறங்க எறங்க அடுப்பு மெல்ல மெல்ல எறங்கி, எடுத்த எடத்துல வந்து உக்காந்துட்டு."

"கொழம்பு?" என்று கேட்டார் மாசானம்.

"அவன் கொழம்பில்லாமத் தின்னான். அதான் எனக்கு இன்னைக்கும் மனசு கேக்கல" என்றான் சொரிமுத்து, உண்மையிலேயே வருத்தப்படுகிறவன் போல.

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. முப்பிடாதி மட்டும் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பாக்கெட் உறை மூன்று அடிக்குத் தாங்கியது. தலையைச் சூடாக்கிப் பற்றவைத்ததும் நீலமாக ஒரு மொட்டு பூத்தது. அவள் பானையைக் கையில் எடுத்துவிட்டாள். நாலாவது அடியில் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டு எல்லாம் அணைந்தது. எடுத்த பானையைத் திரும்பக் கீழே வைக்கக் கூடாது என்பார்கள். அவள் வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

வரிசையாகக் குலவைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பக்கத்துக் குடும்பத்துப் பானையும் பொங்கிவிட்டது. அந்த வீட்டு அம்மாள் நல்ல மனுஷி, எங்கள் அடுப்பு காலியாகத்தான் இருக்கு, வந்து பொங்குங்க என்று கூப்பிட்டாள். முப்பிடாதி பானையை இடுக்கியபடியே தலையாட்டி வேண்டாம் என்றாள். பிள்ளைக்குப் பால் கொடுத்து நேரமாகிவிட்டதால் மார்பு கனத்து வலித்தது. கீழே அவன் அழுதுகொண்டிருப்பான் என்று நினைத்தாள். நினைத்ததும் இன்னும் வலித்தது.

சொரிமுத்துவுக்கோ சபை நிறைந்துவிட்டது. கையில் ஒரு பலூன் துண்டை யாரோ கொடுத்திருந்தார்கள். அதைக் கம்பியில் மாட்ட முயன்றபடி, புளியங்குடியில் பஸ்ஸுக்குக் காற்றடித்த கதையைத் தொடங்கினான். பஸ்ஸின் டயர் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டது. டிரைவர் அழாத குறை. இவன் தன் அடுப்பை டியூபோடு சேர்த்து, உள்ளே ஒரு இட்லித் துண்டை வாசராகப் போட்டு அடித்தான்.

"காத்து ஏறிட்டு. ஏறினது ஏறிட்டே இருக்கு. பஸ்ஸு ரோட்ட விட்டு ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பிப் போச்சு. தென்காசி வரைக்கும் ஒரு குலுக்கல் கெடையாது. ஸ்டாப்பு வந்தாத்தான் செரமம். எறங்க வேண்டிய ஆளுக எல்லாம் ஏணி கேக்காவ."

"கண்டக்டர் என்ன சொன்னாரு?" என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

"அவரு சொன்னாரு, இது இனி நம்ம டிப்போ வண்டி இல்ல, மெட்ராஸ் மீனம்பாக்கத்துல போய்..."

"கொழுந்தனாரே."

முப்பிடாதி சத்தம் போடவில்லை. ஆனால் சொரிமுத்து நிறுத்தினான். அவன் எப்போதும் போல அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கேலியாக ஏதோ கேட்கப்போகிறாள் என்று எதிர்பார்த்துப் பாதிச் சிரிப்போடு இருந்தான்.

"எம் பிள்ளைக்கு ஒரு பேரு இல்ல" என்றாள் அவள். "இன்னைக்கு விட்டா இன்னும் ஒரு வருசம் அவன் பேரில்லாமத்தான் கெடக்கணும். அதுவரைக்கும் சாமி பொறுத்துக்கிடுமா, கொடுத்ததத் திருப்பி எடுத்துக்கிடுமான்னு நான் ராவும் பகலும் பயந்துட்டே கெடக்கணும். நீங்க பஸ்ஸப் பறக்க வைக்கீய. எனக்கு இந்த அடுப்பு எரிஞ்சாப் போதும்."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கையில் பானை இருந்ததால் துடைக்க முடியவில்லை. கூட்டம் மெல்லக் கலைந்து தங்கள் தங்கள் அடுப்புக்குப் போயிற்று. மாசானம் தொண்டையைச் செருமிக்கொண்டு சுனையைப் பார்த்து நின்றார். காலையில் தான் போட்ட ஒரு வார்த்தைதான் இவ்வளவுக்கும் காரணம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

சொரிமுத்து எழுந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்து அவள் பார்த்ததே கிடையாது. மாமியார் செத்தபோதுகூடப் பாடையில் போகும்போது அம்மா சிரித்தாள் என்று சொன்னவன். இப்போது அவன் வாயை மூடியதும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

அவன் நேராகக் கோயில் முன்னால் தவில் வாசித்துக்கொண்டிருந்த சுடலைக்கண்ணுவிடம் போனான். ஒரு உருப்படி முடியும்வரை கைகட்டி நின்று, பிறகு குனிந்து ஏதோ கேட்டான். சுடலைக்கண்ணு வயசாளி. கேட்டுவிட்டுத் தவிலை இறக்கி வைத்து, சொரிமுத்துவோடு அடுப்புப் பக்கத்துக்கே வந்துவிட்டார்.

"எவம்வே வாசரக் கழத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

மாசானம் மெதுவாக, மலைக்குத் தோல் ஆகாதே என்றார். சுடலைக்கண்ணு சுனையைச் சுற்றிக் கையைக் காட்டினார். "இங்க எரியுத அடுப்பெல்லாம் எதுல எரியுது? அம்புட்டுக்குள்ளயும் தோல் வாசர்தான் கெடக்கு. நான் காலம்பற இருந்து சாமி மூக்குக்கு நேரா அடிச்சிட்டு இருக்கேனே, இது என்ன வாழமட்டையா? கால்ல மிதிக்க செருப்பத்தான் கழத்தச் சொன்னாவ. சாமிக்கு அது தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியல."

பையிலிருந்து ஒரு பழைய தவில் தோல் துண்டை எடுத்துக் கொடுத்தார். போன கொடையில் கிழிந்து மாற்றியது. மாசானத்துக்கு அப்போதும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. தோல் இரவல்தானே, அப்படியானால் நேர்ச்சை தவில்காரர் கணக்கில் போகாதா என்று கேட்டார். "தோல் எனக்கா சொந்தம்? மாட்டுக்குச் சொந்தம்" என்றார் சுடலைக்கண்ணு. "அது செத்துப் பல நாளாச்சு. கேட்டு வராது." சொல்லிவிட்டுத் தவிலைத் தூக்கப் போய்விட்டார்.

சொரிமுத்து தோலைச் சுனைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கையால் கசக்கி, விறைப்பு போனதும் பம்ப் மூடியை அதன்மேல் வைத்து, அதைவிட ஒரு சுற்றுப் பெரிதாகத் தேங்காய் உடைக்கிற அரிவாளின் நுனியால் வட்டம் வெட்டினான். அடுப்பில் அடைப்பு எடுக்கிற ஊசியால் நடுவில் துளை போட்டான். பொங்கலுக்கு வைத்திருந்த நெய்யை மதினியிடம் கண்ணாலேயே கேட்டு, இரண்டு விரல் எடுத்து, கட்டைவிரல்மேல் தோலைக் கவிழ்த்து, கிண்ணம் மாதிரி படியும்வரை தேய்த்தான். படிந்த பிறகும் நம்பாமல் திரும்பத் திரும்பக் கவிழ்த்துத் தேய்த்தான். முப்பிடாதி அதைப் பார்த்தாள். இவனுக்கும் பயமாக இருக்கிறது, காலையிலிருந்தே பயந்துகொண்டுதான் இவ்வளவும் பேசியிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அவன்மேல் இருந்த கோபம் அப்போதே பாதி போய்விட்டது.

கம்பியை உள்ளே விட்டு மூடியைத் திருகினான். முதல் அடியிலேயே கை எதிர்த்தது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இரண்டாவது அடிக்குக் கம்பி தம் பிடித்து இறங்கியது. அடுப்புத் தலையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்து, தலை சூடேறியதும் இன்னும் நாலு அடி. நீலத் தீ வட்டமாக விரிந்து உஸ்ஸென்று சத்தம் போட்டது. முப்பிடாதி பானையை ஏற்றினாள்.

திரை போடுவதற்குப் பூசாரி படியேறிக்கொண்டிருந்தபோது பானை நுரைத்துக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. முப்பிடாதி குலவை போட வாயைத் திறந்தாள். முதலில் சத்தம் வரவில்லை, அழுகைதான் வந்தது. பக்கத்து அடுப்புக்கார அம்மாள் ஓடி வந்து சேர்ந்து குலவை போட்டாள். அதற்குப் பிறகு முப்பிடாதிக்கும் வந்தது. அவள் போட்ட குலவையில் சுடலைக்கண்ணுவே ஒரு கணம் தாளத்தைத் தப்பவிட்டார். சொரிமுத்து அடுப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அணைந்துவிடுமோ என்று கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் அடிவாரத்துப் பாறையடியில் எல்லாரும் வேனுக்காகக் காத்திருந்தார்கள். முப்பிடாதி பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஆறுமுகநயினார் தோளில் போட்டிருந்தாள். கீழேயே தங்கிவிட்ட சொந்தக்காரர்கள் பொங்கலைத் தின்றுகொண்டே, வாசர் இல்லாமல் எப்படிப் பொங்கினீர்கள் என்று கேட்டார்கள். இறங்கும்போது வழி நெடுகப் பேசாமல் வந்த சொரிமுத்துவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

முதலில் அவன் நடந்ததைத்தான் சொன்னான். தவில் தோலை வெட்டினேன், நெய்யில் தேய்த்தேன், அடுப்பு எரிந்தது என்றான். ஒருத்தரும் நம்பவில்லை. தவில் தோலாவது வாசராவது, இரவல் அடுப்பில் பொங்கிவிட்டுக் கதை விடுகிறான் என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே சொன்னார். முப்பிடாதிக்குச் சுருக்கென்றது. மாசானம் வாயைத் திறந்து, இல்லை, இது நிஜம், நானே பார்த்தேன் என்றார். மச்சினனுக்கு மச்சினன் சாட்சி என்று அவரையும் சேர்த்துச் சிரித்தார்கள்.

உண்மைக்கு இவ்வளவுதான் மரியாதை என்று தெரிந்ததும் சொரிமுத்து தன் வழிக்கே திரும்பிவிட்டான். தவில் தோலில்லையா, ஒவ்வொரு அடிக்கும் அடுப்புக்குள்ளிருந்து தவில் சத்தம் வந்ததாம். மெதுவாக அடித்தால் விளம்ப காலம், வேகமாக அடித்தால் துரித காலம். பானைக்குள் அரிசி ஆடிய ஆட்டத்தில் கல் எல்லாம் தனியாகப் பிரிந்து ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. சுடலைக்கண்ணு வாசிப்பதை நிறுத்திவிட்டு, எந்த ஊர் செட்டு என்று கேட்டு வந்தார். பூசாரி வந்து அடுப்புக்கு மாலை போட்டார்.

"தீபாராதன முதல்ல அடுப்புக்கா, சாஸ்தாவுக்கான்னு அங்க ஒரே வாக்குவாதம்" என்றான். பழக்கத்தில் திரும்பி மதினியைப் பார்த்தான்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். முப்பிடாதி இல்லாததைச் சொல்ல மாட்டாள் என்பது குடும்பம் முழுக்கத் தெரியும். அவள் ஒரு வார்த்தையில் இவனைக் கவிழ்ப்பதைப் பார்க்கத்தான் காத்திருந்தார்கள். அவள் அவன் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கில் நெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை. இவனுக்காக ஒரு பொய் சொன்னால் சாஸ்தா ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தார் என்று நினைத்தாள்.

"தவில் சத்தம் மேல எனக்குச் சரியாக் கேக்கல" என்றாள். சொரிமுத்துவின் முகம் தொங்கிவிட்டது. "கொலவ போட்டுட்டு இருந்தேன்லா. ஆனா இங்கன கீழ நல்லாக் கேட்டிருக்கு. தூங்கிட்டு இருந்த பிள்ள சத்தங் கேட்டு எந்திரிச்சு உக்காந்து, இவுகளக் கூப்பிட்டு, 'எப்பா, அம்ம பொங்கிட்டா, இனி சட்டுபுட்டுன்னு எனக்குப் பேர வைங்க, சித்தப்பா கூப்பிடுத மேனேஜரு நமக்கு ஒத்து வராது'ன்னு சொல்லிருக்கான்."

எல்லாத் தலையும் ஆறுமுகநயினார் பக்கம் திரும்பியது. அவர் பிள்ளையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிப் போட்டார். பெண்டாட்டியை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமா" என்றார்.

சொரிமுத்து மதினியின் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மதினி. ஆளுக நம்புத மாதிரி இருக்கணும்லா."